கொசுப் புழுவை ஒழிக்க செராய் எண்ணெய் போதுமா?

ஜித்ரா: நாடு முழுவதும் 2023இல் 123,133 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது, 100 பேர் இறந்தனர். மறு ஆண்டு நோய் கண்டவர்கள் சற்றே குறைந்து 122,423 ஆனாலும், மரணம் 117 ஆகக் கூடியது. இந்த நிலையில், அபேட் மருந்துக்குப் பதிலாக செராய் வாங்கி, கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களைத் தண்ணீரில் விட்டால் போதும் என்ற பேச்சு நம்மவர்களிடையே பரவி வருகிறது.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. இவ்வகை எண்ணெய்கள் ஏடிஸ் புழுக்களைக் கொல்வதை ஆய்வுக்கூடச் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. அபேட்டில் உள்ள டெமிபோஸ் மருந்துக்குக் கொசுக்கள் பழகிவிட்டதாக நம் நாட்டிலும் ஆய்வுகள் வந்துள்ளதால், மாற்று வழி தேடுவது நியாயமே.

சிக்கல் வீட்டுத் தொட்டியில்தான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் தேவைப்படும் ஓர் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் பீப்பாய்க்கு 10 கிராம் வேண்டும். அதாவது ஒரு சிறு குப்பி முழுவதும். அதுவும் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். டெமிபோஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும், வாரக்கணக்கில் நிற்கும். குடிநீரிலும் அந்த அளவை உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. செராய் மணக்கும் தண்ணீரை யார் குடிப்பது?

தோட்டப்புறத்துப் பெரியவர்கள், "அந்தக் காலத்தில் கால்வாயில் எண்ணெய் அடித்துத்தானே மலேரியாவை விரட்டினோம்?" என்று கேட்கலாம். அது மண்ணெண்ணெய் வகை. நீரின் மேல் படலமாகப் பரவி, புழு மூச்சு விடுவதைத் தடுத்தது. வாரந்தோறும் அடிக்க ஆட்களும் இருந்தார்கள். செடி எண்ணெய் புழுவின் உடலுக்குள் நஞ்சாக வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் காசு செலவில்லை. தேய்ப்பது அவசியம், ஏனெனில் ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பால் வெட்டு நின்றுபோன ரப்பர் காட்டில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மழைநீர் தேங்கிய மங்கு புலிக் கொசுவுக்குப் பிடித்த இடம். வீட்டு வளாகத்தில் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. எண்ணெய் ஊற்றினேன் என்று சொன்னால் அதிகாரி கேட்கப் போவதில்லை.

மெல்ல மெல்லக் கசியும்படி எண்ணெயை நுண்குமிழிகளில் அடைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அப்படி ஒரு பொருள் கடைக்கு வந்தால், பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் புட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.