துறைமுகமும் குத்தகைச் சீட்டும்

துறைமுகங்களையும் போக்குவரத்துச் சேவைகளையும் தனியாரிடம் ஒப்படைத்தால் நாடு வளம்பெறும் என்று ஒரு சாராரும், நாடே விலைபோய்விடும் என்று மறு சாராரும் முழங்குகின்றனர். ஒப்பந்தங்களைப் படித்துவிட்டுத்தான் பேசுகின்றனரா என்பதே எமது ஐயம்.

கொழும்பில் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தெற்குக் கொள்கலன் முனையத்தில் சீனக் கம்பனிக்கு 85 வீதம், துறைமுக அதிகாரசபைக்கு 15 வீதம் பங்கு. அலைதடுப்பு அணையை அரசு கடன்பட்டுக் கட்டிற்று. முனையத்தைக் கம்பனி தன் முதலிட்டுக் கட்டிற்று. 35 ஆண்டு கழிந்ததும் அது அரசுக்கே மீளும். பெருங்கப்பல்கள் வந்தன; மறுப்பார் இல்லை.

அம்பாந்தோட்டையின் கதை வேறு. கடன்பட்டுக் கட்டிய துறைமுகம் 2017 இல் 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போயிற்று. வந்த பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கவே உதவிற்று. கட்டிய கடனோ திறைசேரியின் தலையிலேயே நின்றது. நிலத்தை ஈடுவைத்த கமக்காரன் அதனைக் குத்தகைக்கும் விட்டு, ஈட்டுக் கடனைத் தானே இறுப்பது போன்றது இது. இவ்விரு இடத்தும் "தனியார்" என வந்தது சீன அரசின் கம்பனியே என்பதையும் கவனிக்க. தனியார்மயம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பரிகாசம் வேறில்லை.

பஸ் சேவை 1958 இல் அரசுடைமையாயிற்று; 1979 முதல் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். வசூல் உள்ள வீதிகளில் பஸ்கள் போட்டியிட்டு ஓடுகின்றன. மாலைக்குப் பின் உட்கிராமத்துக்கு யார் ஓடுவர்? அனுமதிப்பத்திரத்தில் எழுதாத கடமையை எந்த முதலாளியும் செய்யான்.

இவற்றையெல்லாம் இப்போது கூறுவது காங்கேசன்துறையின் பொருட்டு. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. துறைமுகத்தைப் புதுக்க 6 கோடி 15 இலட்சம் டொலரை நன்கொடையாக வழங்க 2024 இல் இந்தியா இணங்கிற்று. கடனில்லாத துறைமுகம் கிடைப்பது பெரும்பேறு. ஆயின் 1987 இன் 13 ஆவது திருத்தம் துறைமுகங்களை ஒதுக்கிய நிரலில் வைத்தமையால், நாளை அதனை எவருக்கேனும் குத்தகைக்கு விடும் அதிகாரம் கொழும்புக்கே உரியது. வடமாகாணத்தின் கையொப்பம் அதற்கு வேண்டியதில்லை.

ஆகவே, எந்தக் குத்தகையும் கைச்சாத்தாகுமுன் அதன் வாசகம் தமிழிலும் வெளியிடப்பட்டுப் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். வெங்காயமும் மிளகாயும் ஏற்றும் சிறு மரக்கலங்களுக்கு இறங்குதுறையில் இடமும், கட்டணத்துக்கு உச்ச வரம்பும், வருமானத்தில் மாகாணத்துக்குப் பங்கும் அதில் எழுத்தில் இருத்தல் வேண்டும். எமது பிரதிநிதிகள் இதனை அடுத்த அமர்விலேயே வினவுவார்களாக.