வைக்கத்தில் காயலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

பாரம்பரியச் சிற்றூர், பச்சைப்பசேல் இயற்கை என்று எந்த ஊரைப் புகழ்ந்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி: அந்தத் தெருவில் யாரையெல்லாம் நடக்கவிட்டார்கள்?

வைக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வேம்பநாட்டுக் காயல், படகு, மகாதேவர் கோயில், அஷ்டமித் திருவிழா. படம் எடுக்கத் தோதான ஊர்தான். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30இல் அங்கே போராட்டம் தொடங்கியது. பெரியார் இருமுறை சிறை சென்றார்; நாகம்மையார் களத்தில் நின்றார். அந்த ஆண்டுப் பெருவெள்ளத்தில் தெருவே மூழ்கியபோதும் போராளிகள் தண்ணீருக்குள் நின்றார்கள். 1925 உடன்பாட்டுக்குப் பிறகும் கிழக்குத் தெரு திறக்கவில்லை. அதற்கு 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரவேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், அங்கே தவறவிடக் கூடாதது இண்டந்துருத்தில் மனை. பேச வந்த காந்தியையே, பார்ப்பனர் அல்லாதவர் என்பதால் உள்ளே விடாமல் வெளியில் உட்காரவைத்த நம்பூதிரி வீடு. இன்று அது கள்ளிறக்கும் தொழிலாளர்களின் சங்க அலுவலகம். தெருவில் வரக்கூடாது என்று விரட்டப்பட்ட ஈழவர்களின் தொழில் அது! கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். பெரியார் நினைவகத்துக்குப் போகும் தோழர்கள் அந்த வீட்டுக்குள்ளும் ஒருமுறை காலெடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.