படகுக்கு ஒரு ஃபியூஸ்

மூங்கில்துறைப்பட்டு வழியே ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகுகள் பெருகின. விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் பேட்டரிதான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. அலட்சியத்துக்கு அதுவே காரணம். வயர் உரசி ஷார்ட் ஆனாலோ பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பக்கத்திலேயே எண்ணெய் கேன்!

இதைத் தடுக்கும் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். அருகே வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காவலே இல்லை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் நீடிக்கும்.

வணிகக் கணக்கில் ஃபியூஸ் என்பது சில ரூபாய் பிரீமியத்தில் ஒரு காப்பீடு. இன்ஜினுக்கு மானியம் தரும் அரசு, ஒழுங்கான வயரிங்கையும் அதற்கு நிபந்தனையாக்கட்டும்.