ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஒரு வால்வு ஆம்ப் செஞ்சா என்ன?

இந்த வருஷ ரிவ்யூ லிஸ்ட்டும் வந்தாச்சு. ஸ்மார்ட் இரிகேஷன், ஸ்மார்ட் டஸ்ட்பின், ஸ்மார்ட் ஹெல்மெட். போர்டு ரெடிமேட், கோடு நெட்ல இருந்து, ரிப்போர்ட் புராஜெக்ட் சென்டர்ல இருந்து. எல்லாமே ஸ்மார்ட்தான். "இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பா?"ன்னு கேட்டா மட்டும் பேட்ச் மொத்தமும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குது.

ஈசிஇ, ட்ரிபிள்ஈ மக்களுக்கு என்னோட யோசனை இது: சின்னதா ஒரு வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர். பிசிபியை நீங்களே டிசைன் பண்ணி, நீங்களே சால்டர் பண்ணுங்க.

வால்வா, அது தாத்தா காலத்து ரேடியோவுல இருந்ததாச்சேன்னு சிரிப்பு வரலாம். உண்மைதான். 1941-லயே கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால தயாரிக்க முடியும்னு அறிவிச்சார். பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல பெங்களூர்ல வால்வு தயாரிக்க ஆரம்பிச்சது. 1963-ல நம்ம திருநெல்வேலி வானொலி தொடங்கினப்பகூட வால்வு ரேடியோ வீடுகள்ல பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஸ்விட்சைப் போட்டுட்டு அது சூடாகுற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் டிரான்சிஸ்டர் எல்லாத்தையும் ஓரங்கட்டிருச்சு.

சவுண்டுக்காக இதைச் செய்யச் சொல்லல. ஒரு சாதாரண ஆப்-ஆம்ப் ஐசி இதைவிடச் சுத்தமா பாடும். கணக்குப் பாத்தாலும் சிரிப்புதான். 12ஏயூ7 வால்வோட ஹீட்டருக்கு மட்டும் 12.6 வோல்ட், 150 மில்லிஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 1.9 வாட். ஹெட்போனுக்குத் தேவை சில மில்லிவாட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? ஐசி எல்லாத்தையும் கறுப்புப் பெட்டிக்குள்ள மறைச்சு வச்சிருக்கு. வால்வுல கேத்தோடு, கிரிட், பிளேட்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கால் உண்டு, மல்ட்டிமீட்டர் வச்சு அளக்கலாம். ஒரு 12ஏயூ7-க்குள்ள ரெண்டு டிரையோடு இருக்கு, இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு. 32 ஓம் ஹெட்போனை நேரா பிளேட்ல மாட்டினா என்ன ஆகும்? டேட்டாஷீட்ல பிளேட் ரெசிஸ்டன்ஸ் 7,700 ஓம் போட்டிருக்கு, 12 வோல்ட்ல ஓட்டினா அது இன்னும் ஏறும். சிக்னல் வால்வை விட்டு வெளியவே வராது. அதனால வோல்டேஜை வால்வு பெருக்கணும், கரண்ட்டைப் பின்னாடி ஒரு மாஸ்ஃபெட் கொடுக்கணும். செகண்ட் இயர்ல மனப்பாடம் பண்ண இம்பீடன்ஸ் அப்பதான் காதுல விழும்.

தப்பு இருந்தா காதே வைவா எடுக்கும். சப்ளையையும் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு நீங்களே செஞ்சீங்கன்னா, 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தா ரெக்டிஃபையருக்குப் பின்னாடி ஃபில்டர் பத்தலைன்னு சந்தேகப்படணும். 50 ஹெர்ட்ஸ் வந்தா கிரவுண்டு ஓடுற பாதையைப் பாக்கணும். அவுட்புட்ல கப்பாசிட்டர் போடாம விட்டா டிசி ஹெட்போன் காயிலைப் பதம் பாத்துரும். இதெல்லாம் புராஜெக்ட் சென்டர் ரிப்போர்ட்ல கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. 200 வோல்ட்டுக்கு மேல ஓடுற பழைய சர்க்யூட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஆஃப் பண்ணின பிறகும் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், ஆளையே அடிச்சிரும். 12 வோல்ட்ல ஓடுற ஹைப்ரிட் டிசைன் நமக்குப் போதும். மாஸ்ஃபெட்டுக்கு ஹீட்சிங்க் மறக்காதீங்க.

"இதை வச்சு வேலை கிடைக்குமாலே?"ன்னு கேப்பீங்க. வால்வைப் பத்தி எந்த இன்டர்வியூலயும் கேக்க மாட்டாங்கதான். "புராஜெக்ட்ல நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேப்பாங்க. அதுக்கு அரை மணி நேரம் பேச உங்ககிட்ட விஷயம் இருக்கும்.

டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு கோரிக்கை. தலைப்பு புதுசா இருக்கான்னு பாத்து மார்க் போடாதீங்க. நாங்களே அளந்த ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கிராஃபைக் கேளுங்க. கிராஃபையும் காசு கொடுத்து வாங்கலாம்தான். "இந்த இடத்துல ஏன் கீழ வளையுது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, யார் செஞ்சது, யார் வாங்கினதுன்னு தெரிஞ்சிரும்.