பூவை அழித்துவிட்டுத் தேனுக்கு எங்கே போவது?

கல்வராயன் மலைத்தேன் என்றால் கள்ளக்குறிச்சிச் சீமையில் தனி மதிப்பு உண்டு. மருந்துக்கு அது வேண்டும். விருந்துக்கும் அது வேண்டும். ஆனால் அந்தத் தேனைத் தரும் பூ மட்டும் யாருக்கும் வேண்டாமாம்! வரப்பிலே தும்பை தலைகாட்டினால் களை என்று கொத்தி எறிகிறோம். சாலையோரம் துத்தி பூத்தால் குப்பை என்று கொளுத்துகிறோம். மிச்சம் இருப்பதைக் களைக்கொல்லி தெளித்துக் கருக்குகிறோம். பிறகு மலைவாசியைப் பார்த்து, "தேன் ஏனப்பா குறைந்துவிட்டது?" என்று கேட்கிறோம். வேடிக்கையான கேள்வி அல்லவா, தோழர்களே!

தேனீயும் ஒரு பாட்டாளிதான். ஓயாது உழைக்கும் நாளில் அதன் ஆயுள் ஏறத்தாழ ஆறே வாரம். அந்த ஆயுள் முழுதும் பறந்து உழைத்தாலும் அது சேர்ப்பது ஒரு தேக்கரண்டித் தேன்கூட ஆகாது. அந்தப் பாட்டாளிக்குக் கூலி, பூவின் மதுவும் மகரந்தமும். கூலியை மறித்துவிட்டு உற்பத்தியைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

கோடையிலே கவலை இல்லை. வேம்பும் புங்கும் நாவலும் பூக்கும். பின்னால் புளி பூக்கும். மரங்கள் ஓய்ந்த பிறகுதான் பஞ்சம். அப்போது மழைக்கு முளைத்த தும்பையும் துத்தியும் நாய்த்துளசியுமே தேனீக்குக் கஞ்சித்தொட்டி. அதையும் கவிழ்த்துவிட்டால், அடுக்குத் தேனீ கூட்டைவிட்டே ஓடிவிடும். தேன் மட்டுமா போகும்? பூசணியிலும் பாகலிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் சுமக்க ஆளில்லையேல் பிஞ்சு ஏது?

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைப் பாருங்கள். 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே கிராமப் பணி தொடங்கினார். பெட்டித் தேனீ ஏழைக் குடியானவனின் தொழிலாயிற்று. இன்று அங்கே பெரும்பகுதித் தேன், ரப்பர் தளிர் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது. அந்தப் பருவம் முடிந்தால், கைக்காசு போட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டியிருக்கிறது. கல்வராயனிலோ மரவள்ளி. அது அடுப்பெரியச் செய்யும் பயிர். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வரப்பையும் ஓடைக்கரையையும் பூவுக்கு விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. 1976இல்தான் அது அரசின் கைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள் என்று வகுத்து, சேகரிக்கவும் விற்கவும் மலைவாசிக்கு உரிமை தந்தது. நல்லது. ஆனால் காட்டிலே பூ இல்லாவிட்டால், சட்டப் புத்தகத்தைப் பிழிந்தால் தேன் சொட்டுமா?

ஆகவே கிளைத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: காய்ந்த தும்பை, துத்தி விதையை உதிர்த்து எடுத்து வையுங்கள், முதல் மழையில் ஓடைக்கரையில் தூவுங்கள். நாவல் கொட்டையைப் பத்திரப்படுத்தாதீர்கள். தின்ற சூட்டோடு ஊன்றுங்கள், வைத்திருந்தால் முளைக்காது. சாலையோரச் செடியை, விதை உதிர்ந்த பின்பே வெட்ட வேண்டும், களைக்கொல்லி கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள்.

காசு செலவில்லாத வேலை இது. கை ஓங்குமுன் ஒரு கணம் நின்று, இது யாருடைய சோறு என்று கேட்டால் போதும்.