ஏசி இருக்கு, கண்ணாடி இருக்கு, ரேக் எங்கே?

"சென்னையில நல்ல ஜிம் எதுடா?" என்று மாசத்துக்கு ரெண்டு பேராவது கேட்கிறார்கள். நானும் இதுவரை "வீட்டுக்குப் பக்கத்துல பாருடா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்லப்போவதில்லை. உடம்பு இளைக்கணும், கொஞ்சம் வியர்க்கணும் என்று போகிறவர்களுக்கு அந்தப் பதில் சரி. பலம் வேண்டும் என்று போகிறவர்களுக்கு அதைவிட மோசமான யோசனை கிடையாது.

முதலில் என் சோகக் கதை. (சுருக்கமா முடிச்சுடறேன், பயப்படாதீங்க.)

ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில் மெயின் ரோட்டில் இருந்த ஒரு ஜிம்மில் வருஷ சந்தா கட்டினேன். பேர் வேண்டாம். சேரும் அன்று சுற்றிக் காட்டினார்கள். வரிசையாக ட்ரெட்மில், சுவர் முழுக்கக் கண்ணாடி, ஸ்டீம் பாத், ஜூஸ் கவுன்ட்டர். வாயைப் பிளந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் டெட்லிஃப்ட் செய்யலாமே என்று ராடில் 60 கிலோ போட்டுத் தூக்கினேன். ட்ரெயினர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி தம்பி, கீழ வெச்சுடாதீங்க, டைல்ஸ் உடைஞ்சிடும்!"

தரையிலிருந்து தூக்கித் தரையில் வைப்பதற்குப் பேர்தான் டெட்லிஃப்ட். கீழே வைக்காமல் வீட்டுக்கா எடுத்துக்கொண்டு போக முடியும்? சரி, ஸ்குவாட் பண்ணலாம் என்றால் ரேக் இல்லை. "அது முட்டிக்கு ஆகாது தம்பி, லெக் பிரஸ் பண்ணுங்க" என்றார். மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அதெல்லாம் தர முடியாது சார், வேணும்னா ஃபிரெண்டு பேருக்கு மாத்திக்கலாம்." (பணம் என்றதும் தம்பி சாராகிவிட்டதைக் கவனிக்கவும்.)

இது என் ஒருத்தனுடைய முட்டாள்தனம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மாசச் சந்தாவைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதில் பாதிக்கும் குறைவாக வருஷச் சந்தா தருகிறார்களே, ஏன்? நீங்கள் வரமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான். ஜனவரியில் சேர்ந்து மார்ச்சில் நின்றுவிடுபவர்தான் அவர்களுக்குத் தங்கமான வாடிக்கையாளர். பணம் வந்துவிட்டது, இடம் அடைபடாது, ஏசி செலவும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் வந்து, ஒரு ராடைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நிற்கிறவன் அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. அவனுக்காக எவன் ரேக் வாங்கிப் போடுவான்? வாசலில் பார்த்ததும் மயங்குகிற சாமான்களைத்தான் வாங்குவான். வாடகை, மெஷின் லோன் எல்லாம் கட்ட வேண்டிய முதலாளியை நான் குறை சொல்லவில்லை. ட்ரெட்மில் வேண்டும் என்பவர்களுக்கு ட்ரெட்மில் விற்கட்டும். போர்டில் 'ஸ்ட்ரெங்த்' என்று எழுதி டைல்ஸ் விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் பலத்துக்கு என்னதான் வேண்டும்? ரொம்பக் கொஞ்சம்தான்.

ஒன்று, ஒழுங்கான ராடு. போட்டி ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. பிளேட் மாட்டுகிற முனை 50 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், பிளேட் சிக்காமல் சுழலும். நம்ம ஊர் ஜிம் பலவற்றில் இருக்கும் மெல்லிசு ராடு எத்தனை கிலோ என்று மாஸ்டருக்கே தெரியாது. எடை தெரியாமல் முன்னேற்றத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

இரண்டு, பாதுகாப்புக் கம்பியோடு ரேக். தனியாக பெஞ்ச் பிரஸ் செய்யும்போது கடைசி ரெப்பில் கை சோர்ந்துவிட்டால், ரேக் இருந்தால் ராடு அந்தக் கம்பியில் இறங்கும். இல்லாவிட்டால் நெஞ்சிலோ கழுத்திலோ இறங்கும். அந்த நேரத்தில் ட்ரெயினர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் ஜாதகம்தான் காப்பாற்ற வேண்டும். "ஸ்மித் மெஷின் இருக்கே" என்பார்கள். அதில் ராடு தண்டவாளத்தில் ஓடுகிறது. தடுமாறாமல் நிறுத்துகிற வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம், ரேக்குக்கு அது மாற்று இல்லை.

மூன்று, சின்ன பிளேட். யாரும் கேட்காத கேள்வி இதுதான். பலம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுவதில் வருகிறது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால் 2.5 கிலோ கூட்டலாம். 2.5 கிலோ பிளேட்தான் இருப்பதிலேயே சின்னது என்றால் ஒரே தாவலாக 5 கிலோ கூட்ட வேண்டும். தலைக்கு மேல் 30 கிலோ தூக்குகிறவருக்கு அது ஆறில் ஒரு பங்கு. எல்லாரும் அங்கேயே மாட்டிக்கொண்டு "எனக்கு உடம்புவாகு இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்புவாகு என்ன பாவம் செய்தது, பிளேட் இல்லை!

நான்கு, ரப்பர் போட்ட தரை. டைல்ஸ் கதை மேலே சொல்லியாச்சு.

இந்த நான்கும் இருந்தால் ஏசி வேண்டாம், ஜூஸ் வேண்டாம். கரண்ட் போனால் ட்ரெட்மில் நிற்கும், இரும்பு நிற்காது.

முட்டி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். ஏற்கெனவே முட்டியில் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். நல்ல முட்டியை, ஒழுங்காகச் செய்கிற ஸ்குவாட் கெடுப்பதில்லை. வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்திலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். கிளாஸ்கோவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, ஆக மொத்தம் 328 கிலோ. ஸ்குவாட் பண்ணாமல் உலகத்தில் எந்த வெயிட்லிஃப்டரும் உருவாவதில்லை. நம்ம மாநிலத்து ஆளே இப்படி ஜெயித்து வந்த பிறகும் "ஸ்குவாட் ஆகாது" என்று இங்கேயே சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

உடனே யாராவது "அப்ப வடசென்னை ஷெட்டு ஜிம்முக்குப் போ, அதுதான் ஒரிஜினல்" என்பார்கள். தகரக் கூரை, ஆஞ்சநேயர் படம், துருப்பிடித்த இரும்பு, மாசத்துக்குக் கொஞ்சம் காசு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டாம். பல இடங்களில் அங்கேயும் ரேக் கிடையாது, திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை என்று ஆணழகன் போட்டிக் கணக்குதான். கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. ஏழ்மையாக இருப்பதாலேயே ஒரு ஜிம் நல்ல ஜிம் ஆகிவிடாது. அங்கேயும் அதே நான்கைத் தேடுங்கள்.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். பலத்துக்கு வாரம் மூன்று நாள் போதும், தினமும் போக வேண்டியதில்லை. தினமும் போகிறவருக்குத்தான் பக்கத்துத் தெரு முக்கியம். மூன்று நாள் போகிறவர் தாம்பரத்தில் ஏறி எழும்பூரில்கூட இறங்கலாம், எலெக்ட்ரிக் ட்ரெயின் சீசன் டிக்கெட் அப்படி ஒன்றும் சொத்தை அழிக்காது. இவ்வளவு பெரிய ஊரில் இருப்பதற்கு ஒரு லாபம் வேண்டாமா? சின்ன ஊரில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். சென்னையில் தேடலாம். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, கூட்டம் அலைமோதும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரு நாள் செய்து பார்க்க விடுவார்களா, மாசாமாசம் கட்டலாமா என்று கேளுங்கள். "வருஷப் பேக்கேஜ்தான் சார், ஆஃபர் இன்னியோட முடியுது" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்த ஆஃபர் அடுத்த மாசமும் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் மீசை முளைத்த பசங்களுக்கான சமாசாரம் என்று நினைத்தால் அதுதான் பெரிய தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் எல்லாரும் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்றிருக்கிறது. வயதானவர்கள் கீழே விழாமல் இருக்கவும் இது வேண்டும் என்கிறார்கள். நான் சேர்ந்த அதே ஜிம்முக்கு அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். ட்ரெயினர் அம்மாவைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப் போய், ரோஸ் கலரில் ஒரு கிலோ டம்பெல் ரெண்டு எடுத்துக் கொடுத்து, "லேடீஸுக்கு இதுக்கு மேல வேணாம்மா" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னபடியே பத்துத் தடவை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கேஸ் சிலிண்டர் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் குனிந்து, தூக்கி, அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். முதுகு நன்றாக வளைந்திருந்தது. அப்படித் தூக்கக் கூடாது, எப்படித் தூக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்கிற ஜிம் எதுவோ, அதுதான் நல்ல ஜிம். இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், ரெண்டு பேருக்குமாக.

பி.கு: தேடப் போகும்போது பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அனுபவம் பேசுகிறது :-)