உலை மாறிற்று, உழைத்தவன் நிலை?

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த 1945ல், உலகம் வடித்த எஃகிலே பாதிக்கு மேல் அமெரிக்க உலைகளில் உருகியது. அந்த அமெரிக்காவில், 1977 செப்டம்பர் 19ஆம் நாள், யங்ஸ்டவுன் நகரின் பேராலை ஒன்று மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 5,000 தொழிலாளர் வேலை பறிபோயிற்று. அந்நாளைக் 'கருப்புத் திங்கட்கிழமை' என்றே அவ்வூரார் குறிக்கின்றனர்.

யார் செய்த கேடு? "அயல்நாட்டான் மலிவாக விற்றான்!" என்றனர் ஆலை அதிபர்கள். அதிலே உண்மை இல்லாமலில்லை. 1959ல் 5 லட்சம் தொழிலாளர் 116 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எஃகு கிடைக்காத வாடிக்கையாளர் அயல்நாட்டுச் சரக்கை நாடினர். அவ்வாண்டு இறக்குமதி ஏற்றுமதியை விஞ்சிற்று.

ஆனால், அயலான் வெல்ல வழிவிட்டவர் யார்? 1952ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலே புதுமுறை உலை எழுந்தது. உருகிய இரும்பின்மீது ஆக்சிஜனைப் பீய்ச்சி, ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் எஃகு தரும் உலை அது! பழைய திறந்த உலைக்கோ எட்டு மணி நேரம் வேண்டும். ஜப்பான் புதியதை வரவேற்றது. அமெரிக்கப் பெருமுதலாளிகளோ பழையதிலேயே பணத்தைக் கொட்டினர். அவர்கள் அயர்ந்தனர்; தொழிலாளி அழுதான்!

பிறகு விழித்தனர். 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்குப் பத்து மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. இன்று இரண்டு மணியளவே போதும். திறன் வளர்ந்தது, மகிழ்ச்சி! பலன் யாருக்கு? 1953ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், எஃகு ஐந்தில் ஒரு பங்களவே குறைந்திருக்கிறது. உழைக்கும் கைகளோ, 6 லட்சத்துக்கு மேலிருந்தவை ஒரு லட்சத்துக்கும் கீழே சரிந்துவிட்டன. 2001ல் நொடித்த பெத்லஹெம் ஸ்டீல், ஓய்வுபெற்றோரின் மருத்துவ உதவியையும் 2003ல் நிறுத்திற்று.

இறக்குமதிக்கு 2018ல் நூற்றுக்கு 25 வரி. 2025 ஜூனில் நூற்றுக்கு 50! அதே ஜூனில், 1901ல் பிறந்த யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் விலைக்கு வாங்கிற்று. சரக்கைத் தடுக்கச் சுவர் எழுப்பினர். சரக்குக்கு உடையவனோ வீட்டுக்கே உரிமையாளனானான்!

சுவரே வேண்டாம் என்று சொல்லவில்லை, தோழர்களே! சுவர் தரும் அவகாசத்தில் உலையைப் புதுப்பிக்க வேண்டும். புதிய உலையின் பலனில் உழைப்பவனுக்குப் பங்கு வேண்டும். முன்னது தவறினால் ஆலை அழியும். பின்னது தவறினால், ஆலை வாழும், ஊர் அழியும். யங்ஸ்டவுன் கற்பிக்கும் பாடம் இது. சிந்திப்பீர்!